எதிர்ப்பக்கத்துக் கைதட்டல்

சொரிமுத்து மடத்தில் சேர வந்தபோது அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

குருவை எல்லோரும் அம்மை என்றே அழைத்தார்கள். மலையடிவாரத்தில், கீழப்பாறை என்ற ஊரைத் தாண்டி மடம் இருந்தது. சிறிய மடம். மாதம் பிறந்தால் ஊரிலிருந்து ஒரு டிராக்டரில் அரிசி மூட்டைகள் வரும். மடத்தில் உலை ஏறுவது அந்த அரிசியை நம்பித்தான்.

சொரிமுத்து கோவில்பட்டியில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு, ஒருமுறை மடத்துக்கு வந்து அம்மையின் பேச்சைக் கேட்டார். மறுவாரமே ஒரு பையோடு வந்துவிட்டார். சொன்ன வேலையைச் செய்தார். தியானத்தில் அசையாமல் உட்கார்ந்தார். ஒரே ஒரு குறைதான். ஆட்டம் என்றால் அவருக்கு உயிர்.

எந்த ஆட்டம் என்றில்லை. ஹாக்கி பார்த்து வளர்ந்தவர். கபடிக்கும் வாலிபாலுக்கும் சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போனவர். கிரிக்கெட்டை ரேடியோவில் கேட்டார். எங்கோ ஒரு தேசத்தில் நடக்கும் கால்பந்துக்கு இங்கே விடியுமுன் எழுந்தார். செய்தித்தாளில் வரும் செஸ் ஆட்டத்தைக் காய் வைத்து ஆடிப் பார்த்தார். மடத்துக்கு வந்த பிறகும் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் சத்தம் கேட்டால் அவர் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். பிறகு கால்.

மூத்த சீடர் கோமதிநாயகம் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். மடத்தின் ஒழுங்கு அவர் பொறுப்பில் இருந்தது.

சொரிமுத்து தீட்சை கேட்ட அன்று கோமதிநாயகம் அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மை, தீட்சை வாங்குறவங்க மூணு சத்தியம் சொல்லணும். பழைய குரு வச்ச முறை. பொய் சொல்ல மாட்டேன். அடுத்தவன் பொருளைத் தொட மாட்டேன். வேடிக்கையில மனசு வைக்க மாட்டேன்."

"தெரியுமே" என்றார் அம்மை.

"இவரைச் சொல்லச் சொல்லுங்க."

அம்மை சொரிமுத்துவைப் பார்த்தார். "சொல்லுங்க அண்ணாச்சி."

"முதல் ரெண்டும் சொல்லுதேன் அம்மை. மூணாவது சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா முதல் சத்தியம் பொய்யாயிரும்."

அம்மை சிரிக்கவில்லை. கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது.

"சரி வே, ஒண்ணை மட்டும் வச்சிக்கிடும். ஹாக்கியை வச்சிக்கிடும். மத்ததை விடும். மனசு ஒரு இடத்துலயாவது நிக்கும்."

"எதை விடச் சொல்லுதீரு?"

"எதையாவது."

"ஹாக்கியில ஒருத்தன் குனிஞ்சே ஓடுதான். வாலிபால்ல ஒருத்தன் எம்புதான். கபடியில மூச்சை அடக்கிட்டு எதிராளி வீட்டுக்குள்ள போறான். செஸ்ல ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கான், வேர்த்துக் கொட்டுது. இதுல யாரை நான் பாக்கக்கூடாதுங்கீரு?"

"அவங்க ஜெயிச்சா உமக்கு என்ன வே கிடைக்கும்?"

"ஒண்ணுமில்ல."

"தோத்தா?"

"ஒண்ணுமில்ல."

"பெறகு போன மாசம் ரேடியோவை வச்சிக்கிட்டு எதுக்கு அழுதீரு?"

சொரிமுத்து யோசித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லாத ஒரு விஷயத்துக்காக என்னால அழ முடியுது. அதை எதுக்கு விடணும்?"

கோமதிநாயகம் அம்மையிடம் திரும்பினார். "கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் அம்மை. பிறகு சொரிமுத்துவிடம் கேட்டார். "நீங்க பாத்ததுலயே மறக்காதது எது?"

"மதுரையில ஒரு ஓட்டப் பந்தயம், அம்மை. நெடுந்தூரம். ஜெயிச்சவளுக்கு மாலை போட்டு, பரிசு கொடுத்து, எல்லாரும் கலைஞ்சாச்சு. முடிவுக் கோட்டுல கட்டியிருந்த நாடாவையும் சுருட்டிட்டாங்க. அப்ப ஒரு பிள்ளை தூரத்துல வருது. கடைசி ஆளு. நடக்குதா ஓடுதான்னே தெரியல. டீ விக்கிற ஒருத்தன் நின்னான். அவன் கையில என் துண்டோட ஒரு முனையைக் கொடுத்தேன். மறுமுனையை நான் பிடிச்சுக்கிட்டேன். அந்தப் பிள்ளை துண்டை நெஞ்சால தள்ளிக்கிட்டுப் போய் விழுந்துச்சு."

"பேரு என்ன?"

"கேக்கல, அம்மை. கேக்கணும்னு தோணல."

அம்மை அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இங்க கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஏதோ ஆட்டம் நடக்காமே?"

"நாளைக்குச் சாயங்காலம், அம்மை. பொம்பளப் பிள்ளைங்க கபடி. கடைசி ஆட்டம். கீழப்பாறைப் பிள்ளைகளும் வருசநாட்டுல இருந்து வந்த பிள்ளைகளும்."

"நானும் வாரேன்."

கோமதிநாயகம் திகைத்தார். அம்மை மடத்தை விட்டு ஊருக்குள் போனதே அபூர்வம்.

"நீங்களும் வாங்க" என்று அவரிடமும் சொன்னார் அம்மை.

மறுநாள் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. வேப்பமரக் கிளைகளில்கூட ஆட்கள் இருந்தார்கள். கொடைக் கமிட்டித் தலைவர் சங்கரபாண்டியன் ஓடிவந்து கும்பிட்டு, முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் போடச் சொன்னார். அம்மை வந்ததில் அவருக்குப் பெருமை. மைக்கில் அதைச் சொல்லவும் செய்தார்.

ஊர்ப் பிள்ளைகள் நுழைந்தபோது மேளம் முழங்கியது. சொரிமுத்துவும் கைதட்டினார். அவர்கள் நல்ல ஆட்டக்காரிகள். அரையிறுதியில் அவர்களுக்காகவே அவர் தொண்டை கட்டக் கத்தியிருந்தார்.

வருசநாட்டுப் பிள்ளைகள் நுழைந்தபோது மேளம் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் தங்களுக்குள் கைகோத்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அவர்களோடு வந்திருந்தது ஒரு பயிற்சியாளர் மட்டும்தான். அவருக்கும் பேருந்துப் பயணத்தில் தொண்டை போயிருந்தது. கைச்சாடைதான் காட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. வருசநாட்டுப் பிள்ளை ஒவ்வொரு முறை பாடி வரும்போதும் ஊர் முழுக்க ஊளையிட்டது. அவள் மூச்சுவிடாமல் கபடி சொல்கிறாளா என்று நடுவருக்கே கேட்டிருக்காது. பிடிபட்டு விழுந்தால் சிரிப்பு. எழுந்தால் இன்னும் சிரிப்பு.

சொரிமுத்து நாற்காலியில் நெளிந்தார்.

"சும்மா இரும்" என்றார் கோமதிநாயகம்.

வருசநாட்டு அணியில் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் உள்ளே நின்றாள். ஒல்லியான பிள்ளை. முழங்காலில் சிராய்ப்பு. அவள் போய் யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பினால்தான் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே வர முடியும். எதிரே ஏழு பேர் கைகோத்து நின்றார்கள். சுற்றிலும் ஊர்.

அவள் கோட்டருகே வந்தாள். நின்றாள். ஒரு கணம் யாரையோ தேடுவதுபோல் கூட்டத்தைப் பார்த்தாள்.

சொரிமுத்து எழுந்துவிட்டார்.

"போ தாயி! போ! நாங்க இருக்கோம்!"

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் போனாள். ஓரத்தில் நின்றவளின் தோளைத் தட்டிவிட்டுக் குனிந்து, இரண்டு பேருக்கு நடுவில் நழுவித் திரும்பி வந்தாள். வெளியே இருந்தவர்களில் ஒருத்தி துள்ளி எழுந்து உள்ளே ஓடினாள்.

"அப்படித்தான்! அப்படித்தான் தாயி!" சொரிமுத்து தலைக்கு மேலே கைகளைத் தட்டினார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்த ஒரு கைதட்டல் வெறுமையாகக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை.

"யோவ் பெருசு, நீ எந்த ஊரு?" பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"உன் ஊருதான்!"

"எங்க அரிசியைத் தின்னுட்டு அவளுக்குக் கத்துதியா?"

"தின்னதாலதான் கத்தத் தெம்பிருக்கு!"

யாரோ எறிந்த தண்ணீர்ப் பாக்கெட் அவர் தோளில் பட்டு உடைந்தது. சட்டை நனைந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை மறுபடி பாடிப் போனாள். மறுபடி ஒரு தொடுதல். உள்ளே இப்போது மூன்று பேர். சொரிமுத்துவின் குரல் உடைந்து, காற்றும் சத்தமுமாக வந்தது. ஆனாலும் வந்தது.

சங்கரபாண்டியன் வேகமாக வந்தார். சொரிமுத்துவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மையின் முன் குனிந்தார்.

"அம்மை, உங்க ஆளை உக்காரச் சொல்லுங்க. ஊர் முகம் மாறுது. நான் சொல்லக்கூடாது, மடத்துக்கு வண்டி அனுப்புறது இந்த ஊருதான்."

கோமதிநாயகம் பதறி எழுந்தார். "சொரிமுத்து! அம்மை இருக்காங்க, உக்காரும் வே!"

அம்மை எழுந்தார்.

கூட்டம் அடங்கியது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் நேராகச் சொரிமுத்துவின் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தப் பிள்ளை பேரு தெரியுமா?"

"கௌமாரி, அம்மை. அவ கூட்டாளிங்க அப்படித்தான் கூப்பிடுதாங்க."

"இந்த ஆட்டத்தோட விதி எனக்குத் தெரியாதே."

"அவ போறா. திரும்பி வரணும். அவ்வளவுதான், அம்மை."

அம்மை மைதானத்தைப் பார்த்துத் திரும்பினார். மடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவர் மூச்சை இழுத்தார்.

"கௌமாரீ!"

குரல் கீச்சென்று போய்ப் பிசிறியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மை மறுபடி இழுத்தார். இந்த முறை அது அடிவயிற்றிலிருந்து வந்தது.

"கௌமாரீ! திரும்பி வா!"

கௌமாரி அந்த நேரம் எதிரணியின் எல்லைக்குள் இருந்தாள். ஊர்ப் பிள்ளைகளில் ஒருத்தி அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். இன்னொருத்தி இடுப்பை. மூன்றாவதாக ஒருத்தி மேலே விழுந்தாள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, மண்ணைப் பிறாண்டிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தது. சொரிமுத்து கத்தினார். அம்மை கத்தினார். இருவர் குரலும் ஒன்றோடொன்று மோதியது. ஊர் அதைவிடப் பலமாகக் கத்தியது.

விசில் ஒலித்தது. வேப்பமரத்தடியில் பட்டாசு வெடித்தது.

திரும்பி நடக்கும்போது மூவரும் பேசவில்லை. சொரிமுத்துவுக்கும் அம்மைக்கும் பேசக் குரலில்லை. கோமதிநாயகத்துக்குப் பேச மனமில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மை தீட்சைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். கோமதிநாயகம் விளக்கேற்றிவிட்டுச் சத்தியங்களைச் சொல்லத் தொடங்கினார். முதலாவதைச் சொரிமுத்து திருப்பிச் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார். மூன்றாவது வந்தபோது வாயை மூடிக்கொண்டார்.

கோமதிநாயகம் காத்திருந்தார். பிறகு அம்மையைப் பார்த்தார்.

"ரெண்டு போதும்" என்றார் அம்மை, கரகரத்த குரலில்.

மாதம் பிறந்தது. டிராக்டர் வரவில்லை. இருந்த அரிசி தீர்ந்து, கேப்பைக் கூழாயிற்று. கூழும் நாளுக்கு நாள் தண்ணீரானது. யாரும் சொரிமுத்துவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் கோமதிநாயகம் நின்றார்.

"எங்க வே?"

"நான் போயிட்டா வண்டி வந்துரும்."

"பையை உள்ள வையும்" என்றார் கோமதிநாயகம். "கூழ் ஆறுது."

அப்படி ஒரு நாளில்தான் சங்கரபாண்டியன் மடத்துக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து அம்மையைக் கும்பிட்டார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர் பாத்திரங்களைப் பார்த்தார். சங்கடப்பட்டார்.

"எனக்கும் மனசு கேக்கல, அம்மை. ஊர்ல பேசிட்டேன். பெருசா ஒண்ணும் வேண்டாம். இவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்குச் செஞ்சது தப்புன்னு. சாயங்காலமே வண்டி வந்துரும்."

சொரிமுத்து சட்டென்று எழுந்தார். "சொல்லிருதேன். என்னால இவங்க எல்லாரும் பட்டினி கெடக்க வேண்டாம்."

"அண்ணாச்சி" என்றார் அம்மை. "என்ன சொல்லப் போறீங்க?"

"அந்தப் பிள்ளைக்குக் கத்துனது தப்புன்னு."

"தப்பா?"

சொரிமுத்து தரையைப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"இல்ல" என்றார்.

"அப்ப உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கோமதிநாயகம் எழுந்துபோய் ஒரு கிண்ணம் எடுத்துவந்தார். பானையின் அடிவரை அகப்பையை விட்டுக் கலக்கி, கெட்டியாக வந்த கூழை அதில் ஊற்றிச் சங்கரபாண்டியன் முன்னால் வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. எங்ககிட்ட இதுதான் இருக்கு. குடிங்க."

சங்கரபாண்டியன் கிண்ணத்தைத் தொடவில்லை. அவர் முகம் சிவந்தது.

"அம்மை, நீங்க படிச்சவங்க, பெரியவங்க. அதனால கேக்கேன். ஊரே ஒரு பக்கம் நின்னுச்சு. நீங்க ரெண்டே பேர் அந்தப் பக்கம் நின்னீங்க. அவ்வளவு கத்துனீங்க. கடைசியில யார் ஜெயிச்சா? நாங்கதானே?"

அம்மை கூழை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

"என்ன அம்மை இது? நீங்க அங்கதானே நின்னீங்க?"

"நின்னேன். கத்திக்கிட்டிருந்தேன்."