வாத்தியாரின் வலது கை

நாடகக் கம்பெனி வாத்தியார் காசிலிங்கத்துக்கு ஒரு பழக்கம். ஒத்திகையில் மேடையைப் பார்க்கவே மாட்டார். கடைசி பெஞ்சில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். வசனம் அங்கே வந்து சேர்ந்தால் வலது கையைத் தூக்குவார். அதற்கு மேல் ஒரு பாராட்டை அவர் வாயிலிருந்து யாரும் பிடுங்கியதில்லை.

பத்தொன்பது வயதில் செண்பகவடிவுக்கு அந்தக் கை தினமும் உயர்ந்தது. பிறகு சினிமா கூப்பிட்டது, போனாள். முகம் லட்சணம், குரல்தான் கனம் என்றார்கள் அங்கே. அவளுக்கு வேறொருத்தியைப் பேச வைத்தார்கள். முதல் படத்தோடு போய்விடும் என்று நினைத்தாள். அறுபத்திரண்டு படத்துக்கும் அதே கதைதான். ஊரே அவள் முகத்தைக் கொண்டாடியது. அவளுக்கோ அந்தக் கை உயர்வதை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஏக்கம், முப்பது வருஷமாக.

ஒருநாள் காலையில் கார் ஏறி மதுரைக்கு வந்துவிட்டாள். பழைய ஒத்திகைக் கொட்டகையில் வாத்தியார் தனியாக இருந்தார். நலம் விசாரித்தார், காபி வரவழைத்தார், மூட்டுவலியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். சினிமாவைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

“என் படமெல்லாம் பாத்தீங்களா ஐயா?”

“ஒண்ணு விடலை.”

“எப்படி நடிச்சிருந்தேன்?”

“எனக்கு எப்படித் தெரியும்? தியேட்டர்லயும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காருவேன். மூணு மணி நேரமும் காத்திருப்பேன். நீ வரவே மாட்டே.”

செண்பகவடிவின் கண் நிறைந்தது. கிளிசரின் தேவைப்படவில்லை.

“என் குரல் வேண்டாம்னுட்டாங்க ஐயா. கேட்டா வாய்ப்புப் போயிடுமோன்னு நானும் வாயைத் திறக்கலை. இப்ப என்ன செய்யட்டும்?”

வாத்தியார் கைத்தடியை ஊன்றிக் கடைசி பெஞ்சுக்கு நடந்தார். மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அவள் மேடையேறினாள். அந்தக் காலத்து நாடகத்தில் தான் பேசிய முதல் வசனத்தைச் சொன்னாள். தொண்டை கம்மியது. கை உயரவில்லை. மறுபடியும் சொன்னாள். அப்போதும் உயரவில்லை.

“போதும் ஐயா. அந்தக் குரல் போயிடுச்சு.”

வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னொரு தடவை சொல்லு தாயி. முப்பது வருஷம் காத்திருந்தவன், இன்னும் கொஞ்ச நேரம் உக்கார மாட்டேனா?”