ஜெர்மினா எங்கே தூங்குவது?

அன்று கிளீட்டஸின் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கிளீட்டஸ், ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி ஜெர்மினா, அவனுடைய தாய் மிக்கேலம்மாள், தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக மூன்று வீடு தள்ளியிருந்து வந்த ஜெர்மினாவின் தாய் சிசிலி, கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு வந்த நர்ஸ் கனகலதா. வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் ஆறு.

அந்தக் கடலோரத்தில் கடல் மணலிலிருந்து தாதுவைப் பிரித்த கொட்டகை ஒன்று, மூடுவதற்கு முன் கழிவு மண்ணை இலவசமாகக் கொடுத்தது. சிசிலி அதைக் கொண்டு முற்றத்துப் பள்ளத்தை நிரப்பினாள். கிளீட்டஸ் அதையே கொட்டி வீட்டுத் தரையை உயர்த்தி, மேலே சிமெண்டு பூசினான். கதிர்வீச்சு இருந்தது அந்த மண்ணில்தான்.

சுத்தமான மண்ணின் அளவை ஒன்று என்று வைத்துக் கனகலதா சொன்னாள். சிசிலியின் முற்றம் எட்டு, வீட்டுக்குள் ஒன்று. இங்கே முற்றம் இரண்டு, வீட்டுக்குள் நான்கு.

"இதனால நோய் வந்தே தீரும்னு நான் சொல்லல. குறைக்க முடிஞ்சத குறைக்கணும், அவ்வளவுதான். இவ எங்க எத்தன மணி நேரம் இருக்கான்னும் பாருங்க."

ஜெர்மினா நாளுக்கு நான்கு மணி நேரம், பகலில், முற்றத்தில் நெத்தலி மீன் காயவைப்பாள். மீதி இருபதும் வீட்டுக்குள்தான்.

"எட்டுன்னு கேட்டீங்கள்ல மாமி? அனுப்ப மாட்டேன்," என்றான் கிளீட்டஸ்.

சிசிலியின் முகம் சிறுத்துப்போனது. "எம் மொவள முத்தத்துலயா படுக்க வைக்கப் போறேன்? உள்ள, எம் பக்கத்துல படுப்பா. மீன் காயப்போட மட்டும் முத்தத்துக்கு வருவா."

மிக்கேலம்மாள் நடுவில் புகுந்து சம்பந்தியிடம் சொன்னாள். "எதுக்கு மைனி சண்ட? பகல்ல பத்து மணி நேரம் அங்க இருக்கட்டும், மீனும் அங்கேயே காயட்டும். ராத்திரி பதினாலு மணி நேரம் இங்க வந்து படுக்கட்டும். ரெண்டு பேருக்கும் மனக்குறை இல்ல."

ஜெர்மினா யார் முகத்தையும் பார்க்கவில்லை. போனால் இவன் சரியாகச் சாப்பிடமாட்டான். போகாவிட்டால் அம்மா அழுவாள். பிள்ளை ஒருமுறை உதைத்தது. அது யார் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூவரில் யார் பேச்சைக் கேட்டால் அந்தப் பிள்ளைமேல் கதிர்வீச்சு குறைவாகப் படும்?

விடை: சிசிலியின் பேச்சை. மணி நேரத்தை அளவால் பெருக்கினால், அங்கே உள்ளே இருபது, முற்றத்தில் முப்பத்திரண்டு, ஆக ஐம்பத்திரண்டு. கிளீட்டஸ் சொன்னபடி எண்பதும் எட்டும், எண்பத்தெட்டு. எல்லாருக்கும் நியாயமாகப் பட்ட மிக்கேலம்மாளின் பங்கீடுதான் மூன்றிலும் மோசம்: பகலில் ஆறும் முப்பத்திரண்டும், ராத்திரி ஐம்பத்தாறும், தொண்ணூற்று நான்கு. ஆனால் ஜெர்மினா அதையே தலைகீழாக்கிக் கேட்டாள்: "நான் அம்மாகூட இருந்துக்கறேன். மீன மட்டும் இங்க வந்து காயப்போடட்டா?" இருபதும் எட்டும், இருபத்தெட்டு. கனகலதா தலையாட்டினாள்.

"அப்ப நான்?" என்றான் கிளீட்டஸ்.

"நீரும் முத்தத்துக்கு வந்து மீனப் புரட்டும்," என்றாள் ஜெர்மினா.

அவனுக்கு மிஞ்சியது நாளுக்கு நான்கு மணி நேரம்.