துயரங்கள் இருந்த கணினி

குன்றின்மேல் இருந்த மடத்தின் தலைவர் அருளம்மைக்குக் காது கேளாது. ஆறுதல் தேடி வருவோர் தனியறையில் அமர்ந்து, தம் துயரைக் கணினியில் எழுதுவர். அவர் அதைப் படித்து மறுமொழி கூறுவார். பதினோர் ஆண்டுகள் இவ்வாறே நடந்தது.

புதிய கணினி வந்தது. பழையதை விற்கும் பொறுப்பு, தாசில்தாராக ஓய்வுபெற்று அங்கே சீடரான பொன்னுரங்கத்திடம் வந்தது. அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் காசிம் அதை வாங்க வந்து நின்றார். எழுதியோரில் பலர் வாழ்வதும் அந்த அடிவாரத்து ஊரில்தான்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டீரா?" என்றார் அருளம்மை.

பொன்னுரங்கம் புதிய கணினியில் எழுதிக் காட்டினார்: "அழித்துவிட்டேன் தாயே. குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன்."

அருளம்மை காசிமைப் பார்த்தார். "இனி அவை திரும்பி வருமா?"

"வரும்மா," என்றார் காசிம். "இப்படி அழிச்சா பேர் மட்டும்தான் போகும். எழுதினது உள்ளேயே கிடக்கும்."

பொன்னுரங்கம் அதை அருளம்மைக்கு எழுதிக் காட்டவில்லை. "விலையைக் குறைக்கப் பார்க்கிறீரா?" என்றார்.

"தாசில்தார் ஐயாவுக்கு எதையும் கண்ணால பார்த்தாதான் நம்பிக்கை," என்று காசிம் சிரித்தார். அழித்ததை மீட்கும் மென்பொருள் இருந்த பென்டிரைவைப் பழைய கணினியில் செருகினார்.

கால் மணி நேரத்தில் திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. அவர் முதலாவதைத் திறந்தார்.

'என் மனைவி இறந்தபோது நான் மருத்துவமனையில் இல்லை. அருகில் இருந்ததாகவே பிள்ளைகளிடம் இன்றுவரை...'

பொன்னுரங்கத்தின் கை பாய்ந்து திரையை மறைத்தது. மடத்துக்கு வந்த முதல் நாள் அவர் எழுதியது அது.

காசிம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மொத்த டிஸ்க்கு மேலயும் வேற எதையாவது எழுதி நிரப்பினாதான் ஐயா முழுசா அழியும். ஆறேழு மணி நேரம் ஓடும்," என்றார். "அதுவரை நான் நிக்க முடியாது. இதுக்காக மறுபடி மலையேறவும் மாட்டேன். கொடுத்தா கடையில நானே செஞ்சுடறேன்."

அருளம்மை சீடரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் ஒரு கையைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, காசிம் சொன்னது அனைத்தையும் பக்கத்திலிருந்த புதிய கணினியில் மறு கையால் எழுதினார். அதன்கீழ்த் தம் கருத்தையும் சேர்த்தார்: "தாயே, இவர் நல்ல மனிதர். உண்மையை மறைக்காமல் சொன்னார். இப்படியே கொடுத்துவிடலாம்."

அருளம்மை நிதானமாகப் படித்து முடித்தார்.

"அப்படியானால், திரையிலிருந்து கையை எடும்," என்றார்.