பூட்டிய வயிற்றுப் பறவை

நெடுங்குன்றத்து அரசர் சேந்தனுக்கு ஒரு பலவீனம். வானத்தில் எது பறந்தாலும் வாய் பிளந்து பார்ப்பார். அப்படிப்பட்டவர் முன்னால் சாகரதத்தன் என்ற அயல்தீவு வணிகன் பித்தளைப் பறவை ஒன்றைப் பறக்கவிட்டால் என்ன ஆகும்? அரசர் அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

இறகு வைத்த பறவை இல்லை அது. நான்கு விசிறி, நடுவில் வயிறு, வயிற்றுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கண். இன்றைக்கு ட்ரோன் என்கிறோமே, அதற்குப் பெரியப்பா முறை. மூட்டையைக் கட்டி அனுப்பினால் மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பும். பாம்பு கடித்த விறகுவெட்டி ஒருவனுக்கு மருந்து கொண்டுபோய் அவன் உயிரையும் காப்பாற்றிவிட்டது. ஊரே கொண்டாடியது.

அமைச்சர் விசயராயர் ஒரு படி மேலே போனார். "ஐம்பது பறவை வாங்குவோம், அரசே. எல்லைக் கோட்டைகளுக்கு இனி ஓலையெல்லாம் இவையே கொண்டுபோகட்டும்" என்றார். ஒப்பந்தம் தயாரானது. முத்திரை வைப்பதுதான் பாக்கி.

முத்திரை அதிகாரி குழலி என்ற பெண்மணி. அவள் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு வணிகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?"

"தொழில் ரகசியம், அம்மணி" என்று சிரித்தான் சாகரதத்தன். "பூட்டின் சாவி என்னிடம் மட்டும்தான். எண்ணெய் போட்டுக்கொள்ள தினமும் மாலையில் பறவை என் கொட்டகைக்கு வந்துவிடும். உங்களுக்கு எந்தக் கவலையும் வேண்டாம்."

குழலிக்குக் கவலையே அப்போதுதான் வந்தது. அரசர் பக்கம் திரும்பினாள்.

"அரசே, போன வாரம் மழையில் ஆயுதக் கிடங்கின் பின்சுவர் இடிந்தது. தங்களுக்கும் எனக்கும் காவலர் இருவருக்கும் மட்டுமே தெரியும். மறுநாளே இந்த வணிகர் என்னிடம் வந்து, 'சுவர் கட்ட நல்ல செங்கல் இருக்கிறது, வேண்டுமா?' என்றார்."

"செங்கல் விற்பதும் குற்றமா?" என்று சீறினார் விசயராயர்.

அரசருக்கு எரிச்சல் வந்தது. ஆசைப்பட்ட பொம்மையைப் பிடுங்கினால் யாருக்குத்தான் வராது? "குழலி! சந்தேகம் உன்னுடையது, நிரூபிப்பதும் உன் பொறுப்பு. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நாளைக் காலை அவையில் காட்டு. ஆனால் பறவையைத் திறக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, விரல்கூடப் படக் கூடாது. முடியாவிட்டால் முத்திரையை விசயராயரிடம் கொடுத்துவிட்டுப் போ."

விசயராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

குழலி முற்றத்தில் வந்து நின்றாள். தலைக்கு மேலே விர்ரென்று சத்தம். பித்தளைப் பறவை மலைக்குப் புறப்பட்டுப் போனது. போகும்போதும் வரும்போதும் அரண்மனை மாடிக்கு நேர் மேலேதான் அது பறக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

அந்த நாட்டில் அரசாணையைப் பெரிய துணியில் எழுதிக் கோட்டை வாசலில் தொங்கவிடுவது வழக்கம். குழலி அப்படி ஒரு துணியை மாடிக்குத் தூக்கிப் போனாள். காவியைக் குழைத்து ஆள் உயர எழுத்தில் தானே எழுதினாள். காயட்டும் என்று விரித்துப் போட்டாள். மாடிக் கதவைப் பூட்டி, காவிக் கையோடு சாவியை அரசரிடமே கொடுத்தாள்.

"நாளை வரை இது தங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும், அரசே. தாங்களும் மாடிக்குப் போகக் கூடாது."

மறுநாள் அவை கூடியது. தலைப்பாகை இல்லாமல் அவைக்கு வருவது மரியாதைக் குறைவு. அதனால் நாற்பது பேர் பளபளவென்று தலைப்பாகை கட்டி வந்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் வெறுந்தலை. சாகரதத்தனின் சுருட்டை முடி தோளில் புரண்டது. விசயராயர் தலையிலோ எண்ணினால் ஏழெட்டு முடி தேறும். அதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"விசயராயரே, தலைப்பாகை எங்கே?" என்று கேட்டார் அரசர்.

"தலைவலி, அரசே."

"வணிகரே, உமக்கு?"

"எனக்கும்... தலைவலிதான், மன்னா."

"இரண்டு தலைக்கும் ஒரே வலி!" என்றாள் குழலி. "மருந்து மாடியில் இருக்கிறது. எல்லாரும் வாருங்கள்."

அரசர் இடுப்புச் சாவியால் கதவைத் திறந்தார். விரித்திருந்த துணியைச் சத்தமாகப் படித்தார்:

"நாளை அவைக்குத் தலைப்பாகையோடு வருகிறவர்களுக்கு அங்கேயே மொட்டை. இது அரசாணை."

படித்துவிட்டுத் திகைத்தார். "இப்படி ஓர் ஆணையை நான் எப்போது போட்டேன்?"

"தாங்கள் போடவில்லை. இது அவையில் யாருக்கும் தெரியாது. கதவைப் பூட்டிய பிறகு இந்தத் துணியைப் பார்த்தது மேலே பறந்த அந்தக் கண்ணாடிக் கண் ஒன்றுதான். அது கண்டது வணிகருக்குத் தெரியும்; வணிகர் சொன்னது அமைச்சருக்குத் தெரியும்" என்றாள் குழலி.

அரசர் அந்த இரண்டு வெறுந்தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் ஏறியது. "அந்தக் கண் பார்த்து வைக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? என் பேச்சை மீறிப் பறவையைத் திறந்தாயா?"

"நான் எதையும் திறக்கவில்லை, அரசே. இவர்கள்தான் தலையைத் திறந்து காட்டினார்கள்."

அரசரின் கோபம் குபீரென்று சிரிப்பாக வெடித்தது. சிரித்து முடித்ததும் சாகரதத்தனிடம் கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான். பறவையின் வயிற்றுக்குள் கோட்டை, கிடங்கு, கிணறு, காவிக் கொட்டை எழுத்து என்று படம் படமாக இருந்தது. இருவரையும் காவலர் அழைத்துப் போனார்கள்.

"பறவையை உடைத்துவிடவா?" என்று மனமில்லாமல் கேட்டார் அரசர்.

"ஐயோ, வேண்டாம்! மலையில் பாம்பு இன்னும் கடிக்கிறது. கண்ணைக் கழற்றிவிட்டு மருந்துக்கு அனுப்புவோம். இனி எவர் பறவை விற்க வந்தாலும் முதலில் நம் கொல்லர்கள் முன்னால் வயிற்றைத் திறந்து காட்டட்டும்."

"சரி, அந்தச் சாவிகள் எல்லாம் உன் பொறுப்பு" என்ற அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு துணியைப் பார்த்து மோவாயைத் தடவினார். "அது போகட்டும். என் பெயரில் ஆணை எழுதியாகிவிட்டதே. நாவிதரை வரச் சொல்லவா?"

நாற்பது பேரும் படக்கென்று தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

குழலி புது மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "பயப்படாதீர்கள், ஐயா. நான் இன்னும் முத்திரை வைக்கவில்லை!"