புல்லுக்குள் ஒன்று

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் வம்புப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை, குழந்தைகளே. அதற்குக் காரணம் மைனாக்கள். குளக்கரையில் யார் எதைச் சொன்னாலும் அங்கிருக்கும் மைனா அதே குரலில் திருப்பிச் சொல்லும். அதைக் கேட்டு அடுத்த மரத்து மைனா சொல்லும். கொஞ்ச நேரத்தில் காடு முழுக்கச் செய்தி பரவிவிடும். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது நரி.

அன்றிலிருந்து ஒருவருக்கும் வாய் ஓயவில்லை. "என் மொழிதான் இனிமை" என்று குயில் சொன்னால், "எல்லாருக்கும் புரிவது என் மொழிதான்" என்று காகம் சண்டைக்கு வரும். பாதித் தூக்கத்தில் இருக்கும் ஆமைகூட நடுவில் புகுந்து ஒரு கருத்துச் சொல்லும்.

பூவிழி என்ற புள்ளிமான் மட்டும் இதில் தலையிடுவதில்லை. அதற்குப் பிறந்து சில நாளே ஆன குட்டி இருந்தது. மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டியை உயர்ந்த புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளிப் போய்விடும். கூடவே இருந்தால் தாயின் வாசனை பகைவரை அழைத்து வந்துவிடும் அல்லவா? குட்டியும் மூச்சுக் காட்டாமல் கிடக்கும். "எழுந்திரு தங்கம், பால் குடிக்க வா" என்று தாய் வந்து கூப்பிட்டால்தான் எழும்.

ஒருநாள் நரி குளக்கரையில் எல்லாரையும் கூட்டியது.

"பெரிய மரங்களில் மட்டும் மைனா இருந்தால் போதுமா? புதருக்கு ஒன்று, புல்வெளிக்கு ஒன்று என்று உட்கார வைக்கிறேன். புலி வந்தால் உடனே தெரியும். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான்."

"தாராளமாக வை. எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?" என்றது யானை. யானையே சொன்ன பிறகு மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பூவிழி தயங்கித் தயங்கி முன்னால் வந்தது. "யானை அண்ணா, உங்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்குப் புல்லுக்குள் ஒன்று இருக்கிறது."

"தப்புச் செய்யாதவளுக்கு என்ன பயம்?" என்று கேட்டது குரங்கு.

பாவம், பூவிழி புல்வெளிக்குத் திரும்பும் வழியெல்லாம் மரத்துக்கு மரம் அதே கேள்வி கேட்டது. மானுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் புல்வெளி ஓரத்து மரத்திலும் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. பூவிழி குட்டியைக் கூப்பிட்டபோது, அந்த மைனா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பூவிழி அதைக் கவனித்தது. குட்டியின் காதோடு வாய் வைத்து, "இனி என் குரல் கேட்டாலும் எழாதே. என் மூக்கு உன் காதைத் தொட்டால் மட்டும் எழுந்திரு" என்றது.

"பசித்தால்?"

"பசித்தாலும்."

"நீயே கூப்பிட்டால்?"

"நானே கூப்பிட்டாலும்."

தன் குரலை நம்பாதே என்று பெற்ற குட்டியிடம் சொல்ல வேண்டியிருந்ததே என்று அந்தத் தாயின் மனம் வலித்தது.

ஒரு நண்பகலில் பூவிழி தள்ளி நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அப்போது புல்வெளிப் பக்கமிருந்து அதன் சொந்தக் குரலே கேட்டது.

"எழுந்திரு தங்கம், பால் குடிக்க வா."

கூப்பிட்டது மைனா. அந்த மரத்தடியில் நரி பதுங்கியிருந்தது.

பூவிழி குட்டியிடம் ஓடத் துடித்தது. ஆனால் ஓடினால் குட்டி கிடக்கும் இடம் நரிக்குத் தெரிந்துவிடும். மடியில் பால் கனக்க, நின்ற இடத்திலேயே நின்றது. குரல் மறுபடியும் கூப்பிட்டது. புல் லேசாக அசைந்தது. பிறகு அடங்கிவிட்டது.

நரிக்குப் பொறுமை போயிற்று. "இன்னும் கொஞ்சிக் கூப்பிடு. எழுந்ததும் கழுத்தைக் கவ்விவிடுகிறேன். உங்களை வேறு எதற்கு இங்கே வைத்தேன்?" என்று மைனாவிடம் சீறியது.

மைனாவுக்குத் தெரிந்தது ஒரே வேலை. கேட்டதை நரியின் குரலிலேயே உரக்கச் சொன்னது. அடுத்த மரத்து மைனா அதை வாங்கிச் சொன்னது. அதற்கடுத்த மரமும் சொன்னது. குளத்தில் குளித்துக்கொண்டிருந்த யானையின் காதில் அது போய் விழுந்தது.

மூங்கிலை முறித்துக்கொண்டு யானை ஓடிவந்தது. நரி எடுத்த ஓட்டத்தில் அந்தக் காட்டையே தாண்டிவிட்டது. பிறகு திரும்பவே இல்லை.

யானை தலை குனிந்து நின்றது. "தங்கச்சி, இந்த உடம்போடு நான் யாருக்கும் ஒளிந்ததே இல்லை. அதனால் நீ சொன்னது எனக்குப் புரியவில்லை. மன்னித்துவிடு. குட்டி எங்கே?"

பூவிழி மரத்திலிருந்த மைனாவை நிமிர்ந்து பார்த்தது.

யானையும் அண்ணாந்து பார்த்தது. "நான் கேட்டிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மரத்தை உலுக்கி மைனாவை விரட்டியது. பிறகு புல்வெளிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டது.

பூவிழி புல்லுக்குள் போய்க் குட்டியின் காதை மூக்கால் தொட்டது. குட்டி தள்ளாடி எழுந்தது.

"ரொம்பப் பசித்தது, அம்மா. ஆனாலும் நான் எழவில்லை."

பூவிழி அதை நக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. குட்டி வயிறு நிறையக் குடித்து முடிக்கும்வரை யானை திரும்பிப் பார்க்கவே இல்லை.

நீதி: ஒளிக்க ஒன்றுமில்லை என்பவர், காக்க ஒன்று இருப்பவருக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லக்கூடாது.