பாலத்தில் ஊன்றாத தடி

ஜப்பானில் ஒரு மலைமேல் கோயில் ஊர். பழனியில் விஞ்ச் ஏறுவதுபோல இழுவை ரயிலில்தான் ஏற வேண்டும். சுற்றுலாக்காரர்கள் மத்தியானம் வருவார்கள், ஒரு ராத்திரி கோயில் விடுதியில் தங்குவார்கள், காலை பூஜை பார்த்ததும் இறங்கிவிடுவார்கள். அதற்குள் ஞானம் கிடைத்துவிட்ட மாதிரி சிலர் முகத்தை வேறு வைத்துக்கொள்வார்கள்.

இசாமுவும் ஒரு ராத்திரிக்கென்று பணம் கட்டித்தான் வந்தார். ஆனால் இறங்கிப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கிடையாது. மனைவி கினுயே போன குளிர்காலத்தில் இறந்துபோனாள்.

அந்தக் கோயிலின் குரு சோகென். இசாமுவைவிட இருபது வயது இளையவர். எப்போதோ அவரிடம் தீட்சை வாங்கியதிலிருந்து இசாமுவுக்கு அவர்தான் சுவாமி.

சாயங்காலச் சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்தது. தம்பதிகள், சிநேகிதிகள், ஒரே சிரிப்பு. தரையில் உட்காரப் போட்டிருந்த சின்ன மெத்தைகளில் இசாமுவின் பக்கத்து மெத்தை மட்டும் காலி. சோகென் தேநீர் ஊற்றிக்கொண்டே அவரிடம் வந்தார்.

"சுவாமி, நான் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. தலையை மழித்துவிடுங்கள். கூட்டிப் பெருக்கிக்கொண்டு இங்கேயே கிடக்கிறேன்."

"வீட்டில் என்ன குறை?"

"ஆள் இல்லை."

"இங்கே?"

"அதுதான் கூடம் நிறைய இருக்கிறார்களே."

"காலையில் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு சோகென் அடுத்தவருக்கு ஊற்றப் போனார்.

காலை பூஜை முடிந்ததும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். சற்று நேரத்தில் விடுதியே ஓய்ந்துவிட்டது. நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் சோகென் ஒருவராக உட்கார்ந்து படுக்கைகளை மடித்துக்கொண்டிருந்தார். இசாமு போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"தினமும் இப்படித்தானா, சுவாமி?"

"தினமும்."

நம் வீடே தேவலை போலிருக்கிறதே என்று இசாமுவுக்குத் தோன்றியது. நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"வாருங்கள், ஸ்டேஷன் வரை நடப்போம்" என்றார் சோகென். ஆளுக்கொரு யாத்திரைத் தடியை எடுத்துக்கொண்டார்கள்.

தேவதாரு மரங்களுக்கு நடுவே பாதை இறங்கியது. வழியில் ஒரு மரப்பாலம் வந்தது. இசாமு தடியை ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் கால் வைத்தார்.

"தடியை ஏன் தூக்கினீர்கள்?" என்றார் சோகென்.

இதையெல்லாமா கேட்பார்கள் என்று இசாமு பார்த்தார். "யாத்திரை வருகிறவர்கள் எல்லோரும் தூக்குவதுதானே, சுவாமி. பழைய காலத்தில் ஒரு மகானுக்கு ஊரில் யாரும் இடம் கொடுக்கவில்லை. குளிரில் பாலத்துக்கு அடியில் படுத்துக்கொண்டார். இப்போதும் எந்தப் பாலத்துக்கு அடியிலாவது தூங்கிக்கொண்டிருப்பார். தட்டினால் விழித்துக்கொள்வார்."

"இதன் அடியில் இருக்கிறாரா, பாருங்கள்."

இசாமு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். முழங்கால் அளவுத் தண்ணீரும் கூழாங்கற்களும் தெரிந்தன. யாரோ எறிந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு ஆடியது.

"யாரும் இல்லை."

"அப்படியானால் நன்றாக ஊன்றியே நடக்கலாமே. உங்களுக்கு முழங்கால் வலி வேறு."

இசாமு தடியை இறக்கினார். பலகையில் படுவதற்கு முன்னால் கை நின்றுவிட்டது. மறுபடி இறக்கிப் பார்த்தார். பிறகு தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலிக்கிற காலோடு மெல்ல நடந்து அக்கரை சேர்ந்தார். சோகென் பின்னாலேயே வந்தார். அவருடைய தடியும் கீழே படவில்லை.

"முடியவில்லை, சுவாமி."

"ம்."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததும் இசாமு தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"கினுயே நர்ஸ் வேலை பார்த்தாள். எப்போதும் ராத்திரி டியூட்டி. பகலில்தான் தூங்குவாள், அதுவும் கோழித் தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து நான் வீட்டில் பூனை மாதிரி நடந்தேன். கெட்டில் கூவுவதற்கு முன்னால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். இப்போது டி.வி.யை அலறவிடுகிறேன். பாத்திரங்களைப் போட்டு உருட்டுகிறேன். ஏன் என்று கேட்க ஒருத்தரும் இல்லை. அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

கீழே போகும் ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. இசாமு எழுந்தார், ஆனால் ஏறவில்லை.

"யாருமே இல்லாத வீட்டுக்குப் போய் நான் என்ன செய்வேன், சுவாமி?"

"உள்ளே போனதும் கதவை மெதுவாகச் சாத்துங்கள்" என்றார் சோகென்.