குரங்கு பேன் பார்த்த சர்வர்

மூங்கில் காட்டின் குகையில் ஒரு பெரிய சர்வர் கணினி இருந்தது. விலங்குகள் எல்லாம் தங்கள் கோப்புகளை அதில்தான் வைத்திருந்தன. அதற்கு அட்மின் முள்ளம்பன்றி. பாஸ்வேர்டு அதனிடம் மட்டுமே இருந்தது.

அதுதான் தொல்லை! முயலுக்குப் புது விளையாட்டு வேண்டுமா? முள்ளம்பன்றியைத் தேடி வரும். குயில் தன் பாட்டை ஏற்ற வேண்டுமா? அதுவும் வரும். முள்ளம்பன்றியால் நிம்மதியாகக் கிழங்கு தின்ன முடியவில்லை.

"அண்ணே, எங்களையும் அட்மின் ஆக்கிடுங்களேன்! எங்க மேல பாசம் இல்லையா?" என்று குழைந்தது குரங்கு.

முள்ளம்பன்றிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீங்கல்லாம் எனக்கு வேத்தாளா? இன்னைலேர்ந்து எல்லாருமே அட்மின்தான்!"

காடே துள்ளிக் குதித்தது! அணில் மட்டும், "எனக்கு வேணாம். என் பொந்து எனக்குப் போதும்" என்றது.

"பிழைக்கத் தெரியாத பிள்ளை!" என்று சிரித்தது குரங்கு.

மறுநாள் யானை ஓடி வந்தது. கோடையில் ஓடை வற்றிவிட்டது. மலைக்கு அப்பால் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று காட்டும் வரைபடம் சர்வரில்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் யானைக்கூட்டம் அன்றே புறப்பட வேண்டும்.

"வரைபடத்தைக் காணோமே! என் குட்டிக்கு நாக்கு வறண்டு போச்சே!" என்று பிளிறியது யானை.

முள்ளம்பன்றிக்குப் பகீரென்றது. முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. "யார் கை வெச்சது?"

"நான்தான் அண்ணே!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது குரங்கு. "பாவம், சர்வர்ல என்னென்னவோ கோப்புங்க பொடிப்பொடியா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஆசையா உக்காந்து பேன் பாத்தேன்! ஒண்ணு விடாம எடுத்து எறிஞ்சுட்டேன்!"

குரங்குக் குலத்தில் இதைவிடப் பெரிய பாசம் ஏது? அதைத் திட்ட மனம் வரவில்லை. "புத்தி கெட்டவன் நான்தான்!" என்று தலையில் அடித்துக்கொண்டது முள்ளம்பன்றி.

அப்போது மரத்திலிருந்து சரசரவென்று இறங்கியது அணில். கையில் ஒரு பென் டிரைவ்!

"எது கிடைச்சாலும் கொஞ்சம் பொந்துல ஒளிச்சு வைக்கிறது எங்க வழக்கம். யானையம்மா வரைபடத்தையும் அப்பவே நகல் எடுத்து வெச்சேன். இந்தாங்க!"

யானைக்கூட்டம் ஆரவாரத்தோடு மலைப்பாதையில் ஏறியது. குட்டி எல்லோருக்கும் முன்னால் ஓடியது!

முள்ளம்பன்றி அங்கேயே எல்லோருடைய அட்மின் உரிமையையும் திரும்பப் பெற்றது. இனி அவரவர் கோப்பில் மட்டும்தான் அவரவர் கை வைக்கலாம்.

குரங்கின் முகம் வாடிவிட்டது. "அப்போ என் மேல பாசம் இல்லையா, அண்ணே?"

"நிறைய இருக்கு தம்பி! அதுக்காக என் முதுகுல பேன் பாப்பியா?"

குரங்கு அந்த முட்களைப் பார்த்தது. நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

பாசத்தை அள்ளிக் கொடுக்கலாம். அதிகாரத்தை அவரவர் வேலைக்கு வேண்டிய அளவுதான் கொடுக்க வேண்டும்.